பிரமுகர் வரும்வரை

வானொலியில் யார் தாமதமாக வந்தாலும் திட்டு வாங்குவது நான்தான். செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டினால் நான், மின்சாரம் போனால் நான், விருந்தினர் வழி தெரியாமல் பக்கத்துக் கட்டடத்தில் போய் உட்கார்ந்திருந்தால் அதற்கும் நான். அறிவிப்பாளர் என்று பெயர். ஆட்களைக் குறைத்த பிறகு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நொடி தவறாமல் நிகழ்ச்சியை முடிப்பதால் எனக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்றே இத்தனை வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை.

அன்று காலை பாடவிருந்தவள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. ஒரே வீட்டில் மேல்மாடியில் அவள், கீழே நாங்கள். அரை மணி நேரம் மட்டும் பாடலாம் என்ற நிலையிலிருந்து ஒரு மணி நேரம் பாடலாம் என்ற நிலைக்குத் தேர்வுக்குழு அவளை உயர்த்துவதற்குள் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. உயர்த்திய கையோடு வந்தது உத்தரவு. அடுத்த மாதம் முதல் 'காலை இசை' கால் மணி நேரம்தான். அதுவும் பழைய பதிவுகள்தான். நேரடிப் பாட்டு இனிக் கிடையாது. மிச்ச நேரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து நாட்டு நடப்பைப் பேசுவார்கள், நேயர்கள் தொலைபேசியில் வந்து அவர்களோடு சண்டை போடுவார்கள். ஆக, அவளுடைய முதல் ஒரு மணி நேரமும் எங்கள் நிலையத்தின் கடைசி ஒரு மணி நேரக் கச்சேரியும் ஒன்றாக வந்து நின்றன.

அவள் பல்லவி பாடப் போவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு ராகத்தை விஸ்தாரமாகப் பாடி, அதையே துள்ளல் நடையில் தானமாகப் பாடி, கடைசியில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதைத் திருப்பி, மடக்கி, வேகம் கூட்டி, மிருதங்கத்தோடு மல்லுக்கட்டி முடிக்கிற சமாசாரம். அரை மணி நேரத்தில் அடங்காது. அதனாலேயே வானொலியில் அவள் பல்லவியை ஒரு தடவைகூடப் பாடியதில்லை. மாதக்கணக்கில் அதே ராகம், அதே வரி. குளியலறையில், துணி காயப்போடும்போது, மாடிப்படியில் ஏறும்போது. "அந்தக் காற்றைக் கொஞ்சம் சும்மா விடேன்" என்று கத்துவேன். வரி அப்படி: 'காற்றே கொண்டு செல்வாய், என் குரலைக் கடல் தாண்டி.' என் கணவர்கூட முகச்சவரம் செய்யும்போது அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார், பாவம், சுருதி இல்லாமல்.

ஸ்டூடியோவில் தம்பூராவுக்குச் சுருதி சேர்த்து, வயலின்காரம்மா வில்லுக்கு ரோசின் கட்டியைத் தேய்த்து, மிருதங்கக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டிச் சரிபார்த்து, எல்லாம் ஆயிற்று. அப்போதுதான் புது இயக்குநர் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். பேச்சு நிகழ்ச்சிகளில் பேர் வாங்கியவர். சங்கீதம் என்பது அவரைப் பொறுத்தவரை பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் வருகிற ஒன்று.

"மேடம், ஒரு சின்ன மாற்றம். பிரமுகர் இன்னிக்குப் பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார். நேரலை. கச்சேரி கால் மணி நேரம் போதும்."

"சார், இது ஒரு மணி நேரக் கச்சேரி."

"தெரியும். அதான் கால் மணி கொடுக்கிறேனே. அறிவிப்பெல்லாம் வேண்டாம், நேரம் வீணாகும். அது நிகழ்ச்சியில்ல, நேரலை வர்ற வரைக்கும் நிரப்பறதுன்னு வெச்சுக்குங்க. நேரா பாட்டுக்குப் போயிடுங்க."

எங்கள் வழக்கம் அது. நிரப்புவதற்குப் போடுகிற இசைக்குப் பேர் சொல்ல மாட்டோம். யார் பாடினார், யார் வாசித்தார், என்ன ராகம், ஒன்றும் கிடையாது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஆனாலும் போய்ச் சொல்லவேண்டியது நான்தானே. சொன்னேன். மிருதங்கக்காரர், "அப்ப நான் வந்ததே வேஸ்ட்டா?" என்று சுத்தியலைப் பைக்குள் போட்டார். என் நாத்தனார் என்னையே பார்த்தாள்.

"பேர்கூடச் சொல்ல மாட்டீங்களா அண்ணி?"

"சொல்லக் கூடாதாம்."

"ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே. பாடறது நான்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சின்னப் பாட்டா ஒண்ணு பாடு, தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கைப் போட்டேன்.

சின்னப் பாட்டு, சுத்தமான பாட்டு. கால் மணி முடியப் போகிற நேரத்தில், 'முடி' என்று கழுத்தருகே விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரியும்போது ஸ்டூடியோவுக்குள் பேச முடியாது. எங்களுக்கு எல்லாம் சைகைதான். அவள் தலையாட்டிவிட்டு முடிக்க ஆரம்பித்தாள். நான் பத்திரிகையாளர் கூடத்தோடு இணைக்கும் லைனைத் திறந்தேன். அங்கே இருப்பவர் எங்கள் நிருபர். எதைக் கேட்டாலும் 'ஹலோ ஹலோ' என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் அவருக்கு ஹலோ என்றே பெயர் வைத்திருந்தோம்.

"ஹலோ ஹலோ. வரலைங்க."

"யார் வரல?"

"பிரமுகர்தான். இன்னும் வீட்டுலேர்ந்தே கிளம்பலையாம்."

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. வானொலிக்காரனுக்கு மௌனத்தைவிடப் பெரிய பாவம் வேறு கிடையாது. "ஏதாவது பதிவு போடுங்க மேடம்!"

"பதிவெல்லாம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்தணும்னு நேத்துதான் எடுத்துட்டுப் போனாங்க சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"அந்தப் பேசறவங்க ரெண்டு பேர்?"

"மத்தியானம்தான் வருவாங்க."

அவர் கண்ணாடிக்குள் பார்த்தார். அங்கே பாட்டு கடைசி வரிக்கு வந்துவிட்டிருந்தது. "அவங்களையே இன்னும் கொஞ்ச நேரம் பாடச் சொல்லுங்க. ஆனா நான் சொன்ன உடனே நிறுத்தணும். முடியுமா?"

நான் இரண்டு முஷ்டிகளையும் ஒன்றாகச் சேர்த்து, மாவை இழுப்பதுபோல் அகல இழுத்துக் காட்டினேன். 'இழு.' அவள் புருவம் மேலே போனது. பிறகு 'எவ்வளவு நேரம்?' என்று கையைத் திருப்பிக் கேட்டாள். நான் தோளைக் குலுக்கினேன். அவள் ஒரு மூச்சு எடுத்தாள். அடுத்து வந்த ஸ்வரங்களைக் கேட்டதும் எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. கரகரப்பிரியா. அதே குளியலறை, மாடிப்படி, துணிக்கொடி ராகம்.

அடிப்பாவி, பல்லவியை ஆரம்பித்துவிட்டாளே!

ஒரு விதத்தில் அதைவிடப் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. ராகம் பாடும்போது வார்த்தை கிடையாது, தாளம் கிடையாது. எந்த இடத்திலும் கீழே இறங்கி ஆதார ஸ்வரமான ஸட்ஜத்தில் நின்றுவிடலாம். நிற்கவேண்டாமென்றால் பொழுது சாயும் வரைக்கும் போகலாம். நீளம் அதிகம், இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று வெட்டித் தள்ளினார்களே, அந்தச் சங்கீதத்தைத்தான் இப்போது ரப்பர் மாதிரி வேண்டிய அளவுக்கு இழுக்க முடிந்தது. அவர்களுடைய பேச்சு நிகழ்ச்சியை இப்படி இழுத்துப் பார்க்கட்டும், கிழிந்துவிடும். இதை இயக்குநரிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சம்பளத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"ஹலோ ஹலோ. கிளம்பிட்டாராம்!"

'முடி' என்றேன். அவள் மேல் ஸ்தாயியில் இருந்தவள் அழகாக ஒரு சறுக்குச் சறுக்கி இறங்க ஆரம்பித்தாள்.

"ஹலோ, இருங்க இருங்க. கிளம்பினது வேற யாரோ. கார் மட்டும் அவரோடதாம்."

'இழு' என்றேன். அவள் பாதிப் படியில் நின்று, திரும்பி, மறுபடியும் மேலே ஏறினாள். போகிற போக்கில் என்னை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அந்த முறைப்பு ஒலிபரப்பாகியிருந்தால் பாதி நேயர்கள் பயந்து ரேடியோவை நிறுத்தியிருப்பார்கள்.

வயலின்காரம்மா தன் முறைக்கு வாசித்தார். அதற்குள் ஹலோ இரண்டு தடவை வருகிறார் என்றும் இரண்டு தடவை வரவில்லை என்றும் சொல்லிவிட்டார். நான் முடி, இழு, முடி, இழு என்று மாறி மாறிக் காட்டியதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். என் நாத்தனார் ஒரு கட்டத்தில் என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தானத்துக்குள் போய்விட்டாள். 'அனந்தம், ஆனந்தம்' என்று சொற்கள் துள்ளித் துள்ளிப் போக ஆரம்பித்ததும் இயக்குநர் என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன மேடம்? தாளமே போடல, ஆனா தாளம் இருக்கிற மாதிரி இருக்கே?"

"தானம் சார்."

"நல்லாயிருக்கே!"

"நல்லாத்தான் இருக்கும்" என்றேன். குரலில் கொஞ்சம் காரம் ஏறிவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

"ஹலோ ஹலோ. வாசல்ல கூட்டம் கூடுது. வந்துட்டார்னு நினைக்கிறேன்."

'முடி' என்று காட்ட நான் கையைத் தூக்குவதற்குள், "இல்ல, டீ கொண்டு வந்திருக்காங்க" என்றார்.

உள்ளே தானம் முடிந்துவிட்டது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அடுத்தது பல்லவி. அது ராகம் மாதிரி இல்லை. தாளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நடுவில் இறங்க முடியாது. இறங்கினால் கீழே விழுந்த மாதிரிதான் இருக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'போகலாமா?' என்று அவள் கேட்கவேயில்லை. முகத்தில் மட்டும் கேள்வி இருந்தது. என் பட்டப்பெயருக்கு ஏற்ற மாதிரி நான் 'வேண்டாம்' என்று காட்டியிருக்கவேண்டும். நான் முஷ்டிகளைச் சேர்த்து, கை வலிக்கிற அளவுக்கு அகலமாக இழுத்தேன்.

மிருதங்கக்காரர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. பைக்குள் போட்ட சுத்தியலை எடுத்து ஓரத்தில் ஒரு தட்டு, விரல்களில் ஒரு சொடக்கு, ஆள் தயார்.

'காற்றே கொண்டு செல்வாய்.' என் வீட்டுக் காற்றுதான். ஆனால் துணிக்கொடிக்கு அடியில் கேட்டதும் இதுவும் ஒன்றா? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. இத்தனை மாதமும் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தேனே என்று இருந்தது. மிருதங்கம் அடியில் சேர்ந்ததும் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடியே லேசாக அதிர்ந்தது.

இயக்குநர் முன்னால் சாய்ந்தார். "அவங்க கையைத் தட்டித் தட்டி எண்ணறாங்களே, அது என்ன கணக்கு?"

"எட்டு சார். ஒரு தட்டு, மூணு விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எங்க சுத்தினாலும் வரியோட முதல் வார்த்தை அதே இடத்துலதான் வந்து விழணும்."

அவர் தன் தொடையில் தட்டிப் பார்த்தார். தப்புப் போட்டார். மறுபடியும் ஆரம்பித்தார். வரி மெதுவாக ஒரு தடவை, இரட்டை வேகத்தில் ஒரு தடவை, நான்கு மடங்கு வேகத்தில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் 'காற்றே' சரியாக வந்து விழும்போது அவர், "ஆஹா, வந்துட்டுது!" என்றார். பிறகு ஸ்வரங்கள். அவள் ஒன்று வீச, வயலின்காரம்மா திருப்பி வீச, மிருதங்கக்காரர் இரண்டையும் பிடித்து நொறுக்க, என் கைகள் மேசை மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். ஒலி அளவைக் காட்டும் முள் குதித்துக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து கத்தவேண்டும்போல் இருந்தது.

"இனிமே கடைசிக் கணக்கு வரும் சார்" என்றேன், எனக்கே மூச்சு வாங்கியது. "ஒரே கணக்கை மூணு தடவை சொல்லுவா. மூணாவது முடியற இடத்துல வரி எடுக்கணும். ஒரு இம்மி முன்ன பின்ன போனாலும் மானம் போச்சு."

"போகாது" என்றார் அவர். யாருக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை.

அவள் கணக்கை ஆரம்பித்தாள். ஒன்று.

"ஹலோ ஹலோ! வந்துட்டார்! நிஜமாவே வந்துட்டார்! உட்கார்ந்துட்டார்! லைனை எடுங்க, எடுங்க!"

என் வலது கை ஸ்டூடியோவின் ஒலியைக் குறைக்கும் தள்ளுகட்டை மேல் இருந்தது. விரல் வைத்துக் கீழே இழுத்தால் முடிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நேரலையையும் நான் ஒரு நொடி தாமதமாக எடுத்ததில்லை. கண்ணாடிக்குள் அவள் முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, இரண்டாவது சுற்றுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

"உங்க லைன்ல இரைச்சல்" என்றேன்.

"என்னது?"

"இரைச்சல். ஒண்ணுமே கேக்கல. திரும்பச் சோதிச்சுப் பாருங்க."

"ஹலோ ஹலோ! சோதனை, சோதனை! இப்ப கேக்குதா?"

அந்தக் குரல் சின்ன ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி அறை முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்துவதுகூடக் கேட்டது. இயக்குநர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். போகட்டும், ஆனால் அந்த மூன்றாவது சுற்று முடிந்த பிறகு போகட்டும்.

அவர் குனிந்து, லைனில் பேசும் பொத்தானை அழுத்தினார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த இடது கையை மட்டும் நிறுத்தவில்லை.

"நான் இயக்குநர் பேசறேன். பயங்கர இரைச்சல். ஒயரைக் கழற்றி மாட்டுங்க."

"சார், நீங்க பேசறது எனக்குத் தெளிவா கேக்குதே!"

"எனக்குக் கேக்கல! கழற்றுங்கய்யா!"

கழற்றிவிட்டார் போலிருக்கிறது. ஸ்பீக்கர் அடங்கியது. மூன்றாவது சுற்று. மிருதங்கமும் வயலினும் அவளோடு ஒட்டிக்கொண்டு ஓடின. இயக்குநர் விரல்களை எண்ணினார், நானும் எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு,

'காற்றே!'

விழுந்தது. இம்மி பிசகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டோம். இயக்குநர் மேசையை ஒரு குத்துக் குத்தினார், பேனா உருண்டு விழுந்தது. என் கண்ணில் தண்ணீர். மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

அவள் வரியை ஒரு தடவை நிதானமாகப் பாடி நிறுத்தினாள். "போங்க, போங்க, இப்ப கூடத்துக்குப் போங்க!" என்று இயக்குநர் கையை வீசினார்.

ஸ்டூடியோ ஒலியைக் குறைத்தேன். கூடத்துக்குப் போகவில்லை. என் மைக்கைத் திறந்தேன்.

"இதுவரை நீங்கள் கேட்டது" என்று ஆரம்பித்தேன். ராகத்தைச் சொன்னேன். தாளத்தைச் சொன்னேன். மிருதங்கம் யார், வயலின் யார் என்று சொன்னேன். பிறகு, பாடியவர் என்று அவள் முழுப் பெயரையும், அவள் அப்பா பெயரின் முதலெழுத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னேன். வீட்டில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. 'ஏய்' என்றுதான் கூப்பிடுவேன், நல்ல மூடில் இருந்தால் 'மகாராணி'. அவள் பெயர் இவ்வளவு அழகான பெயர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்டூடியோ மைக்குகளை மூடினால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் திறந்துகொள்ளும், ஒலிபரப்பு உள்ளேயும் கேட்கும். கண்ணாடி வழியே பார்த்தேன். தம்பூரா மேல் கையை வைத்தபடி அவள் நிமிர்ந்து ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் வந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மிருதங்கக்காரர் அவள் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகுதான், ஹலோ திரும்ப மாட்டிவிட்டிருந்த கூடத்து லைனை எடுத்தேன். பிரமுகர் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. குடித்துவிட்டு, தாமதத்துக்குப் போக்குவரத்து நெரிசல் காரணம் என்றார்.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புடவை முழுக்க வியர்வை. என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் இது நடந்ததே இல்லை என்பதால் இரண்டு பேருக்கும் எப்போது விடுவது என்று தெரியவில்லை. இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"அருமைங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உத்தரவு உத்தரவுதான். அதை மாத்தற அதிகாரம் எனக்கு இல்ல. அடுத்த மாசத்துலேர்ந்து கால் மணிதான். நேரடிப் பாட்டு கிடையாது."

"தெரியும் சார்" என்றாள் அவள்.

அவர் கதவுவரை போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொடையில் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், இந்தத் தடவை தப்பில்லாமல்.

"அடுத்த மாசம் ஆரம்பத்துலயே இன்னொருத்தர் பத்திரிகைக்காரங்களைப் பார்க்கிறார். நேரலை. அவர் இவரைவிடப் பெரிய ஆள்." கொஞ்சம் யோசித்தார். "இவர் வந்ததே லேட்டு. அவர் எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. நிரப்பறதுக்கு யாராவது ஸ்டூடியோவுல தயாரா இருக்கணும்ல மேடம்? உத்தரவுல நிகழ்ச்சியைப் பத்திதான் இருக்கு. நிரப்பறதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

நான் என் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் எவ்வளவு லேட்டா வருவார் சார்?" என்றாள். "தோடி ராகத்துல ஒரு பல்லவி பாடற அளவுக்கு லேட்டா?"

"நான் விசாரிச்சுச் சொல்றேன்" என்றார் அவர்.